பாக் வீட்டு மூத்த பிள்ளைக்கு ஒரு மாலைக் கச்சேரி: நன்கொடை வேண்டுகிறோம்

அன்புள்ள இசை ஆர்வலர்களுக்கு,

சென்னையில் பியானோ கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கின் இன்வென்ஷன்கள் என்ற சிறு பயிற்சித் துண்டுகள் தெரியும். அவை முதலில் இடம்பெற்றது ஒரு வீட்டு நோட்டில். ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக அப்பா 1720-ல் தொடங்கிய நோட்டு அது. எந்த சுரத்துக்கு எந்த விரல் என்று சுரக் குறிகளுக்கு மேல் எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதே வருஷம் பையனின் அம்மா இறந்துபோனார்.

அந்தப் பையன் வளர்ந்து எழுதிய இசையை நம் ஊர் மேடையில் கேட்பது அரிது. அதற்காகத்தான் இந்தக் கச்சேரி.

ஃப்ரீடமான் ஜெர்மனியின் டிரெஸ்டன், ஹாலே நகரங்களில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1764-ல், வேறு வேலை கையில் இல்லாமலே ஹாலே வேலையை உதறினார். அப்புறம் நிரந்தர வேலை அமையவே இல்லை. பாகமாக வந்த அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளை விற்றார். பல தொலைந்தே போயின. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் இசையை அப்பா ஆர்கனுக்கு மாற்றிய பிரதி ஒன்றில், இது தன் படைப்பு, அப்பா படியெடுத்தது என்று எழுதி வைத்தார். 1784-ல் பெர்லினில் வறுமையில் இறந்தார். இவை எதையும் நாங்கள் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் அவருடைய 12 பொலோனேஸ்களைக் கேட்டுப் பாருங்கள். போலந்து நடனத்துக்கு உண்டான வடிவம்தான். மைனரில், அதாவது சோகச் சாயல் கொண்ட சுர வரிசையில், வருபவை ஆட விடாது. பாதியில் நின்று, பெருமூச்சு விட்டு, நாம் நினைக்காத பக்கம் திரும்பும். 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று அப்பாவையே அதில் தேடினால் இந்த மனிதர் கைக்குச் சிக்க மாட்டார்.

எழும்பூரில் ஒரு சிறிய அரங்கில் ஆறு பொலோனேஸ்களும், இரண்டு புல்லாங்குழல்களுக்கான டூயட்களும், டி மைனர் சின்ஃபோனியாவும் (பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பது) வாசிக்க ஏற்பாடு. வாசிப்பவர்கள் நம் ஊர் ஆசிரியர்களும் மாணவர்களும். சும்மாவே வாசிக்கிறோம் என்றார்கள். ஃப்ரீடமானின் கதையைச் சொல்லிவிட்டு, வாசித்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே நன்கொடையில் பெரும்பங்கு அவர்கள் சன்மானத்துக்கே. மீதி அரங்க வாடகைக்கும் பியானோ ட்யூனிங்குக்கும்; கடற்காற்றில் சுருதி நிற்பதில்லை, ஒத்திகைக்கு ஒருமுறை, கச்சேரியன்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

மொத்தம் ரூ. 1,60,000 தேவை. குழுவினர் போட்டது ரூ. 65,000. நீங்கள் ரூ. 500 கொடுத்தாலும் பெரிய உதவி. பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு எல்லோருக்கும் வந்து சேரும். அனுமதி இலவசம். பிள்ளைகளை அவசியம் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
கச்சேரிக் குழுவினர், சென்னை