இரண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

இந்தோனேசியாவின் ராஜா அம்பாத் தீவுகளில் அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஸ்கூபா முக்குளிக்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துபோனது. தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் சுரபுன்னை வேர்களை நான் படகில் இருந்தபடிதான் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவரும் வண்டலில் கையை விட்டால் கை தெரியாது. நீ போகும் இடமோ சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். சேறு சுமந்து வரும் பெரிய ஆறு அங்கே இல்லை. அதனால்தான் தண்ணீர் தெளிந்து, பவளம் வேர்வரைக்கும் வந்து ஒட்டுகிறது.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று சுற்றாதே. ஒரே ஒரு வேரைத் தேர்ந்துகொண்டு அதன் அருகில் மிதந்து நில். அலை ஏறி இறங்கும் மட்டத்தில் சிப்பி அப்பியிருக்கும். அதற்குக் கீழே கடற்பஞ்சும் மென்பவளமும் படர்ந்திருக்கும். பெரிய மீன் நுழைய முடியாத இடுக்குகளில் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். தலையைத் தூக்கினால், மரத்திலேயே முளைவிட்ட விதைகள் முருங்கைக்காய் போலத் தொங்குவது தெரியலாம். இலையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி வீழ்த்தும் மீனும் அங்கே உண்டு. ஆனால் எனக்குப் படம் அனுப்புவதென்றால் வேரின் படம்தான் வேண்டும்.

"ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தானே அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ விட்டுப்போன பயிற்சிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அதனால் மேற்பரப்பை ஒட்டித்தான் காற்று மிக வேகமாக விரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் எழுந்தாலே நுரையீரல் கிழிந்துவிடலாம். உடல் ஓரிடத்தில் நிலைகொள்வதும் அங்கேதான் கடினம். தடுமாறிக் காலை உதைத்தால் அடிச்சேறு கிளம்பி வழியே தெரியாமல் போகும். வேரில் ஒட்டியிருக்கும் உயிர்களுக்கும் அதனால் கேடு. வேரைப் பிடித்துக்கொள்ளவும் செய்யாதே.

முதலையை மறந்துவிடாதே. ராஜா அம்பாத்தின் அலையாத்தி நீரில் 2009-இல் உவர்நீர் முதலை ஒருவரைக் கடித்தது. நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். அந்தி சாய்ந்தபின் அங்கே இறங்காதே. உள்ளூர் வழிகாட்டி "இன்றைக்கு வேண்டாம்" என்றால் எதிர்த்துப் பேசாமல் படகிலேயே இரு.

அந்தப் பக்கம் மலேரியா உண்டு, கொசுவலை இல்லாமல் படுக்காதே. சோரோங் நகரத்துக்கு வந்ததும் விமானம் ஏற அவசரப்படாதே. கடைசியாக நீரிலிருந்து ஏறியபின் குறைந்தது 18 மணி நேரம் போகட்டும்.

அப்பாவிடம் முதலை விஷயத்தை நான் சொல்லவில்லை. நீயும் ஊர் திரும்பும்வரை சொல்லாதே.

அன்புடன்,
அம்மா