ஆயாக்களை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்

குழந்தைகள் காப்பகங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். பல வருடம் காப்பகத்தில் ஆயாவாக இருந்தவள் நான். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆயாக்களைச் சில மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் கதவையே பார்த்து அழுதானாம். அப்புறம் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தானாம். இரண்டு வாரம் கழித்து எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மை வண்டியை உருட்டத் தொடங்கினான். "பாருங்க, பழகிட்டான்" என்றார் மேற்பார்வையாளர்.

அவன் பழகவில்லை. பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த குழந்தைகளிடம் பிரிட்டன் ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் கண்டதும் இதே வரிசைதான்: முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் ஒட்டாத விலகல். அவர் 1952-ல் எடுத்த ஆவணப்படத்துக்கு மருத்துவர்களே கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடங்கிப்போன குழந்தையைத் தேறிவிட்டதாகவே அவர்கள் நம்பியிருந்தார்கள். பின்னாளில், அம்மா அறையை விட்டுப் போனாலும் வந்தாலும் கண்டுகொள்ளாத குழந்தைகளின் இதயத்துடிப்பை வேறு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முகம் அமைதியாக இருந்தது, இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

சிறு வயதில் குழந்தை ஒட்டிக்கொள்ளும் விதத்தின் சாயல் பெரியவர்களின் காதலிலும் தெரிகிறது என்று 1987-ல் உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் எழுதினார்கள். அவர்கள் சொன்னது மூன்று வகை: நிம்மதியாக நம்புகிறவர், விட்டுப் போய்விடுவாரோ என்று தவிக்கிறவர், நெருங்கவே தயங்குகிறவர். சிறு வயதில் பட்டதே தலைவிதி என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு அமையும் நல்ல துணையால் மனம் மாறுவதும் உண்டு. ஆனால் அழுதால் ஆள் வரும் என்ற நம்பிக்கை முதலில் ஊன்றுவது இந்த வயதில்தான். அம்மா அப்பாவிடம் மட்டுமல்ல, தினமும் தூக்கிவைத்துக்கொள்பவரிடமும்தான்.

எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரிய வேண்டும் என்பீர்கள். பெரிய பிள்ளைகளின் பிரிவில் சுழற்றுங்கள். கைக்குழந்தைக்கு ஒரே ஆயா, அவர் விடுப்பில் போனால் குழந்தைக்கு முகம் தெரிந்த இன்னொருவர். மாற்றியே ஆக வேண்டுமென்றால் சில வாரம் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். சம்பளத்தையும் உயர்த்துங்கள், கட்டுப்படியாகாமல்தான் பாதிப் பேர் நிற்காமல் போகிறார்கள்.

போகிறவர் குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு அனுமதி தரவில்லை. அவன் தூங்கும்போது விரலை உருவிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆயா