கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

பிளேனோ, டெக்சஸ்

அன்புள்ள சங்கர்,

உன் நீண்ட மெயில் வந்தது. சான் அன்டோனியோவில் வீடு வாங்கிய சந்தோஷத்தையும், சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் ஆலங்கட்டி மழை வந்துவிட்டதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். தங்கச்சி பயந்துபோய்ப் பிள்ளைகளோடு குளியலறைக்குள் உட்கார்ந்திருந்த கதையைப் படித்து மீனா சிரித்துவிட்டாள், மன்னிக்கச் சொல். இந்த ஊரில் வசந்தம் என்றால் அப்படித்தான். 2016 ஏப்ரலில் உங்கள் ஊரில் விழுந்த ஆலங்கட்டி, டெக்சஸ் அதுவரை கண்டதிலேயே இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அதிகச் செலவு வைத்தது என்றார்கள். அதனால்தான் மழை ஓய்ந்ததும் உங்கள் தெருவுக்கு இத்தனை லாரிகள் வருகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் ஒருவர் கதவைத் தட்டினார், இலவசமாகக் கூரையைப் பார்த்துத் தருகிறேன் என்றார், டிடக்டிபிளை (இன்சூரன்ஸ் போக வீட்டுக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கை) நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு சென்ட் செலவில்லை என்றார். இதுதானே நீ எழுதியது? ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமாம், "மேலே ஏறிப் பார்க்க அனுமதிதான்" என்றாராம். போடாதே மாப்ள. அந்தத் தாளின் கீழ்ப்பகுதியைப் பொடி எழுத்துகளோடு சேர்த்துப் படி. 'இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்டால் வேலையை உங்களுக்கே தருகிறேன்' என்று பெரும்பாலும் அதில் இருக்கும். விலை என்ன, கூரை மேல் ஓடு மாதிரி வேய்கிற ஷிங்கிள் எது, எப்போது முடியும் என்று ஒன்றும் இருக்காது. ஒருவேளை ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் இன்றைக்கே ரத்து செய்துவிடு. வாசலில் வந்து விற்ற ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய மத்திய அரசின் விதி இடம் தருகிறது. சனிக்கிழமையும் அதில் வேலை நாளாகத்தான் சேரும். எழுத்தில் கொடு, தேதி போட்ட நகலை வைத்துக்கொள்.

அந்த "ஒரு சென்ட் செலவில்லை" என்ற பேச்சைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். உன் வீட்டுக்கு நான்கு லட்சம் டாலர் பாலிசி என்று வைத்துக்கொள். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் இங்கே டிடக்டிபிள் பெரும்பாலும் பாலிசித் தொகையில் சதவீதக் கணக்கில் வரும். இரண்டு சதவீதம் என்றால் 8,000 டாலர் உன் பொறுப்பு. கூரை மாற்ற 22,000 ஆகும் என்று அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிறவர், எழுதுகிறார். கூரை பழையது என்பதற்காக 7,000 தேய்மானம் பிடிக்கிறார். டிடக்டிபிளையும் கழித்தால் முதல் செக் 7,000. வேலை முடிந்து பில் கொடுத்தபின் தேய்மானத்துக்குப் பிடித்த 7,000 வரும், அதுவும் உன் பாலிசியில் புதுக்கூரை விலை தருவதாக இருந்தால்தான். ஆக, 22,000 டாலர் வேலைக்கு இன்சூரன்ஸ் தருவது 14,000. மீதி எட்டாயிரத்தை அந்த மனிதர் தன் பையிலிருந்தா போடப் போகிறார்? ஒன்று, பில்லை ஏற்றி எழுதி இன்சூரன்ஸிடம் வாங்குவார். அந்தப் பொய் பில்லைக் கொடுத்துப் பணம் கேட்பது நீதான். இல்லையென்றால் எட்டாயிரத்துக்கு ஈடாக வேலையில் கை வைப்பார். கூரையின் இணைப்புகளில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஃபிளாஷிங் தகட்டைப் பழையதையே திரும்ப அடிப்பார், ஊறிப்போன பலகையின் மேலேயே ஷிங்கிளைப் போட்டு மூடுவார். கீழே நின்று பார்க்கிற உனக்கு எல்லாம் புதிதாகத்தான் தெரியும்.

டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் இது நேரடியான குற்றம். டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்கிற, தானே ஏற்றுக்கொள்கிற கான்ட்ராக்டருக்குச் சிறையும் உண்டு, 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு. டிடக்டிபிளை நீ கட்டியதற்கு ஆதாரம் காட்டினால்தான் தேய்மானப் பணம் தருவேன் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கலாம். அதனால் ஒருவர் வாசலிலேயே இதைப் பேசினால், அவர் எப்படிப்பட்டவர் என்று வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

அப்புறம், "இன்சூரன்ஸிடம் உங்கள் சார்பில் நாங்களே பேசுகிறோம்" என்றாராமே. அதுவும் கூடாது. உன் வீட்டுக் கூரையைப் போடுகிறவரே உனக்காக இழப்பீட்டு (க்ளெய்ம்) பேரம் பேசக்கூடாது என்பது இங்கே சட்டம். ஒரு ரூஃபிங் கம்பெனி இது பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டு, 2024-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அட்ஜஸ்டர் வரும்போது கூரை போடுகிற ரூஃபர் கூட இருந்து சேதத்தைக் காட்டுவதில் தவறில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவது நீயாக இருக்க வேண்டும்.

நியூஜெர்சியில் கான்ட்ராக்டரின் பதிவு எண்ணைப் பார்த்தே பழகியவன் நீ. இங்கே அதை எதிர்பார்க்காதே. டெக்சஸில் முடி வெட்ட மாநில லைசென்ஸ் வேண்டும், கூரை போட வேண்டாம்! லாரியும் ஏணியும் விசிட்டிங் கார்டும் இருந்தால் யாரும் ரூஃபர்தான். ஆகவே வேறு விதமாகத்தான் விசாரிக்க வேண்டும். உள்ளூரில் அலுவலகம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார். வேலையில் அவரால் சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டின் சான்றிதழை அவர் கையால் வாங்காமல் அவருடைய இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடமிருந்து நேரடியாக அனுப்பச் சொல். தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்றும் கேள், இந்த மாநிலத்தில் அது தனியார் முதலாளிகளுக்குக் கட்டாயமில்லை. கோவிலில் பார்த்த "நம்ம ஆள்" ஒருவர் சிபாரிசு செய்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் வீட்டுக் கூரை போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று கேட்டாயா? போன மாதம் போட்ட கூரை யார் போட்டாலும் ஒழுகாது. சில கம்பெனிகள் ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷனும் தருகின்றன, இதையும் மனதில் வை.

முதலில் யாரையும் மேலே ஏற்றாதே. நீயே கீழே நின்று வீட்டைச் சுற்றி ஒரு முறை நட. உண்மையான ஆலங்கட்டி ஷிங்கிளை மட்டும் தேடிப் பிடித்து அடிக்காது. கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் அலுமினியக் கட்டரில், கூரை மேலுள்ள தகரப் புகைவழிகளில், ஏசி யூனிட்டின் மெல்லிய தகடுகளில், ஜன்னல் வலையில் எங்காவது தடம் இருக்கும். இவை எல்லாம் பழுதில்லாமல் இருந்து, ஷிங்கிளில் மட்டும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழி தெரிந்தால் அது சுத்தியல் வேலையாக இருக்கலாம். மேலே ஏறி நாணயத்தால் தேய்த்து மணல் துகளை உதிர்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர் ஏறுவதற்கு முன்பே ஜூம் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள். பிறகு நீயே இன்சூரன்ஸுக்குப் போன் செய். நல்ல ரூஃபருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. எங்காவது ஒழுகினால் தார்ப்பாய் போட்டு மூடி, அந்த ரசீதை வைத்துக்கொள்.

பணம் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். கவர்னர் பேரிடர் அறிவித்த கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), அங்கேயோ பக்கத்து கவுண்டியிலோ ஒரு வருஷமாவது அலுவலகம் வைத்திராத கான்ட்ராக்டர் வேலை தொடங்கும் முன் பணம் கேட்கவே கூடாது. அறிவிப்பு இல்லாவிட்டாலும் என் பழக்கம், ஷிங்கிள் கட்டுகள் என் வீட்டு வாசலில் இறங்கிய பிறகு ஒரு பகுதி, மீதி முடிந்தபின். இன்சூரன்ஸ் செக்கைப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டிவிடாதே. அதில் உன் வீட்டுக்கடன் கம்பெனியின் பெயரும் இருக்கலாம், அவர்கள் கையெழுத்துக்கு நாளாகும், முன்கூட்டியே கேட்டு வை. கடைசிப் பணத்துக்கு முன், ஷிங்கிள் கடைக்காரருக்கும் கூலியாட்களுக்கும் பாக்கியில்லை என்று எழுதி வாங்கு. அவர் கடையில் பாக்கி வைத்துவிட்டு ஓடினால் கடைக்காரர் உன் வீட்டின் மேல் பாத்தியதை கேட்டு வரப் பார்ப்பார்.

இவ்வளவு எழுதியதால் எல்லா ரூஃபரும் திருடர் என்று நினைத்துவிடாதே. மே மாத வெயிலில் அந்தக் கருப்புக் கூரை மேல் முழங்காலில் நின்று ஆணி அடிக்கிறார்களே, அதற்குக் கேட்கிற காசு நியாயம்தான். அதில் பேரம் பேசி ஐந்நூறு குறைக்கப் பார்க்காதே என்று உன்னை நன்றாகத் தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் செய்தி: அம்மா தென்காசியிலிருந்து வந்திருக்கிறாள். சாரல் இல்லாத ஊரில் மனுஷன் எப்படி இருப்பான் என்று தினமும் புலம்பல். மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. 2021 குளிரில் செத்துப்போன முருங்கைக்குப் பதிலாக ஒரு கன்று தொட்டியில் வைத்திருக்கிறேன், இந்த முறை குளிருக்கு முன் கராஜுக்குள் தள்ளிவிடுவேன். உன் மகளுக்கு ஆஸ்டினில் இடம் கிடைத்ததற்கு அம்மா தனியாக ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

பாலிசியின் முதல் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து இன்று ராத்திரிக்குள் அனுப்பு. டிடக்டிபிள் எத்தனை சதவீதம், கூரைக்குத் தேய்மானம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன். அந்த ஆள் மறுபடி வந்தால், பாலிசி என் நண்பனிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடு.

அன்புடன்,
பாலு