வண்டல் இலவசம், வண்டி வாடகை யார் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் கண்மாய்கள் வற்றியதும் வண்டல் எடுக்கும் வேலை தொடங்கிவிடும். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை கட்டணமின்றி எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு அந்த மண் வயலுக்கு வந்து சேர்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

90 கன மீட்டர் என்பது ஏறக்குறைய 32 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). டிராக்டர் டிரெயிலருக்கு ஒரு யூனிட் என்றால் 32 நடை. அள்ளுகூலியும் சேர்த்து ஒரு நடைக்கு 600 ரூபாய் என்று வைத்தாலே 19,200 ரூபாய் ஆகிறது. நிரவி உழுவதற்கும் சேர்த்தால் ஏக்கருக்கு 21 ஆயிரம். இந்த வாடகை ஊருக்கு ஊர், தூரத்துக்குத் தூரம் மாறும். கண்மாயிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி நிலம் இருந்தால் இன்னும் கூடும். அதுவும் ஆடிப்பட்டத்துக்கு விதை, உரம் என்று கையில் காசு தேட வேண்டிய நேரத்தில் இந்தச் செலவு வந்து நிற்கிறது.

இது வீண் செலவு அல்ல. வண்டலில் உள்ள களி, வரப்பு சரியாக இருக்கும் நிலத்தை விட்டு எளிதில் போகாது. ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 4,200 ரூபாய். நிலக்கடலையின் 2025-26 ஆதரவு விலை குவிண்டால் 7,263 ரூபாய். அந்த விலையில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 58 கிலோ கூடுதலாகக் கிடைத்தால் போட்ட முதல் திரும்பிவிடும். 90 கன மீட்டர் ஒரு ஏக்கரில் இரண்டேகால் சென்டிமீட்டர் கனத்துக்குப் பரவும். அதை 15 சென்டிமீட்டர் ஆழம் வரை கலந்தால், 15 சதவீதம் களி இருந்த செம்மண், 40 சதவீதக் களியுள்ள வண்டலால் 19 சதவீதத்தை நெருங்கும். மழை தள்ளிப்போகும் நாட்களில் ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்பது இதனால்தான். ஆனால் வண்டல் உரம் ஆகாது. வண்டல் அடித்துவிட்டோம் என்று தொழுவுரத்தைக் குறைத்தால் பயிர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா வண்டலும் நல்ல வண்டல் என்றும் நினைத்துவிடக் கூடாது. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் உட்பகுதியில், வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, ஊர்ச் சாக்கடை வந்து விழுந்தாலோ அந்த மண் வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். ஓரிரு நாளில் மேல்நீர் தெளிய வேண்டும். நாட்கணக்கில் கலங்கியே நின்றால் உவர் என்று சந்தேகிக்கலாம். அந்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் ஒரு நடைகூட ஏற்றக் கூடாது. கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. ஏற்கெனவே களி மிகுந்த கரிசலுக்கு எந்த வண்டலாலும் லாபமில்லை, வடிகால்தான் கெடும்.

தோண்டும் இடத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. மென்மையான வண்டல் கரையையும் மடையையும் ஒட்டித் தங்குகிறது, நீர் வரும் பக்கம் மணல் கலந்திருக்கும். அதற்காகக் கரையடியைத் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். கரையிலிருந்து போதிய தூரம் விட்டு, பள்ளம் பள்ளமாக இல்லாமல் சமதளமாக எடுக்க வேண்டும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் நீர் மடை வழியே வயலுக்குப் போகாது. கருத்த, மிருதுவான மண் முடிந்து சரளையோ சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே அள்ளுவது விவசாயத்துக்கான மண் அல்ல. விவசாய அனுமதியின் பெயரில் சரளை விற்பனைக்குப் போவதும் இங்கேதான் தொடங்குகிறது.

வயலில் சுமார் 37 அடிக்கு ஒரு குவியலாகக் கொட்டினால் அளவு சரியாக இருக்கும். கட்டிகள் வெயிலில் காய்ந்து, ஒரு கோடை மழையில் நனைந்து உதிர்ந்த பிறகே குறுக்கும் நெடுக்குமாக உழ வேண்டும். பரப்பிவிட்டு உழாமல் விட்டால் மேலே ஏடாகப் படிந்து மழைநீரை இறங்கவிடாது. சீமைக்கருவேல விதை கூடவே வரும். முதல் மழைக்கு முளைப்பதைக் கையோடு பிடுங்கிவிட வேண்டும், வேர் இறங்கிவிட்டால் பிடுங்க முடியாது. பணம் பத்து நடைக்குத்தான் இருந்தால் அதை ஏக்கர் முழுக்கத் தூவாதீர்கள். பயிர் முதலில் வாடும் மேட்டுப் பகுதியில் 30 சென்டுக்கு முறையாகப் போட்டுவிட்டு, மீதியை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தில் அணைகளில் படிந்த வண்டலை வயலுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டத்தில், 2023 முதல் சிறு, குறு விவசாயிகளுக்கு ஏக்கருக்கு 15 ஆயிரம் ரூபாய் வரை, அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு, அரசு உதவி தருகிறது. தமிழகத்தில் ஒரு விவசாயியின் கையில் இருக்கும் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர்தான். இங்கும் வண்டலுக்குக் கட்டணம் இல்லை என்பதோடு நிற்காமல், இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு வண்டி வாடகையில் பாதியையாவது அரசு ஏற்க வேண்டும். அந்தப் பணத்தை, மண் வயலில் பரவியதைப் பார்த்தபின் கொடுக்கட்டும். கண்மாய்க்கு ஒரு மண் பரிசோதனை முடிவையும் தோண்டக்கூடிய ஆழத்தையும், அனுமதி வழங்கும் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். பங்குனிக்குள் இதைச் செய்தால்தான் சித்திரை, வைகாசியில் மண் வயலுக்குப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிவகங்கை மாவட்டம்.