வெடித்த மண்ணும் அடங்கல் ஏடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராமத்துப் படங்கள் நிலத்தைத் தாயாகக் காட்டுவதைப் பாராட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நிலத்தில் என்ன வேலை நடக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும் நம் படங்களில் பெரும்பாலானவை விட்டுவிடுகின்றன.

வறட்சி என்றால் பாளம் பாளமாக வெடித்த மண்ணைக் காட்டுகிறார்கள். அது பல நேரம் ஏரிப்படுகை. வண்டல் காய்ந்தால் ஒவ்வொரு கோடையிலும் வெடிக்கும். நெல் வயலில் வெடிப்புக்கு வேறு பொருள் உண்டு. தண்ணீரைச் சிக்கனமாகக் கட்டும் திருந்திய நெல் சாகுபடி முறையில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகுதான் 2.5 செ.மீ. தண்ணீர் கட்டுகிறோம். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு தண்ணீரை வடித்தாலும் களிமண் வெடிக்கும். கதிர் வெளிவரும் நேரத்தில் ஈரம் போனால்தான் ஆபத்து, மணி பதராகிவிடும். வறட்சியைக் காட்ட விரும்புகிறவர்கள் மண்ணைவிட இலையைப் பார்க்கட்டும்; அது சுருண்டு நிற்கும்.

நடவுப் பாட்டுகளில் நடிகைகள் சில சமயம் முன்னோக்கி நடந்தபடி நடுகிறார்கள். நடவு பின்னோக்கித்தான் போகும். முன்னே நடந்தால் நட்ட நாற்றையே மிதிக்க நேரும். குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழமாகக் குத்தினால் தூர் கட்டாது, அதாவது பக்கத்தில் புதுத் தண்டுகள் கிளைக்காது. குறுகிய காலப் பயிரான குறுவையின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பறித்தாக வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போகும், தூரும் மகசூலும் குறையும். இதைவிடப் பதற்றமான காட்சி ஒரு திரைக்கதைக்கு வேறென்ன வேண்டும்?

வில்லன் பட்டாவைக் கிழித்ததும் நிலம் பறிபோவதாகக் காட்டுவதும் தவறு. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. கிழிந்தால் நகல் வாங்கலாம். விற்பனையில் நிலம் கைமாறுவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் கிரயப் பத்திரத்தால். சத்தமில்லாமல் நிலத்தை இழப்பவர் குத்தகைக்காரர். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் வாய்மொழிக் குத்தகை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் எட்டாது; கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடக்கூட நிலத்துக்காரரின் தயவு வேண்டும். ஊரே மதிக்கும் பண்ணையாரைக் காட்டும் படங்களில் இவருக்கு இடமே இல்லை.

2018-இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் இந்த இடத்தைத் தொட்டது. சுமை தூக்கி ஒரு துண்டு நிலத்துக்காகப் பாடுபட்டவர், கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளி.

அடுத்த கிராமத்துப் படத்துக்குத் தங்கள் விமர்சகர் எழுதும்போது, நடவு நட்ட பெண்களுக்கு ஒரு வசனமாவது இருந்ததா, சாகுபடி யார் பெயரில் என்று கதை சொன்னதா என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெல் சாகுபடியாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.