கூடார ட்ரெயிலர் கட்டுவோர் முதலில் எடையைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கூடாரமடிக்கப் போவது பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையில், சாமான் ஏற்றும் சிறிய ட்ரெயிலர் ஒன்றை வாங்கி அதன்மேல், கூரையை உயர்த்தி உள்ளே படுக்கக்கூடிய கூடார ட்ரெயிலரைத் தாங்களே கட்டிக்கொள்ளும் நம்மவர்களைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. அந்த முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பந்தி கூரையை எப்படி உயர்த்துவது, உள்ளே எத்தனை பேர் படுக்கலாம் என்பவற்றோடு நின்றுவிட்டது. கட்டி முடித்த பெட்டி எத்தனை இறாத்தல் (பவுண்ட்) இருக்கும், அந்த எடை ட்ரெயிலரில் எந்த இடத்தில் அமரும் என்பதைத் தொடவில்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போகிற ஒருவருக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி அதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் குடும்பங்களில் கில்பெயார் பூங்காவுக்கோ அல்கொன்குயின் பூங்காவுக்கோ போவதென்றால் பேரப்பிள்ளைகளோடு அம்மம்மாவும் அப்பப்பாவும் சேர்ந்தே வருவார்கள். முழங்கால் நோவுள்ள ஒருவர் தரையில் விரித்த பாயிலிருந்து குளிர்ந்த விடியற்காலையில் எழும்புவது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் முதியவர்கள் உள்ள எல்லோரும் அறிவர். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், மழை ஈரம் படாத கட்டில் ஒன்று இருந்தால் அவர்களும் தயங்காமல் வருவார்கள். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஒரு முகாமிடத்தில் ஒரு ட்ரெயிலரும் அதோடு கூடாரங்களும் வைக்க இடமுண்டு என்பதால், முதியவர்கள் ட்ரெயிலரிலும் இளையவர்கள் கூடாரத்திலும் படுப்பது நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. புதிய கூடார ட்ரெயிலரின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. பழையதை மலிவாக வாங்கினால் கன்வஸ் இற்றும் கூரை நீர் ஊறியும் இருப்பதைப் பின்னர்தான் காண்கிறோம். ஆகவே நான்கடிக்கு எட்டடி ட்ரெயிலரில் கட்டுவது நியாயமான வழி. பிளைவுட் பலகையின் அளவும் அதுவே என்பதால் வெட்டி வீணாக்கவும் தேவையில்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நம்மில் பலர் வீடு கட்டும் தொழிலிலும் வீடு திருத்தும் தொழிலிலும் இருப்பவர்கள். கை பழகிய முறைதான் முதலில் வரும். இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குல மரங்களைப் பதினாறு அங்குல இடைவெளியில் நிறுத்தி, முக்கால் அங்குலப் பிளைவுட் அடித்து, நான்கடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, உறுதியாகக் கட்டிவிட்டோம் என்று திருப்தி அடைகிறோம். வீட்டுக்கு அது சரி, ஏனெனில் வீடு ஓடுவதில்லை. முக்கால் அங்குலப் பலகை ஒன்று 60 இறாத்தல் அளவில் இருக்கும். நான்கடி உயரச் சுவர்களுக்கு மூன்று, தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று ஐந்து பலகையும், அவற்றைத் தாங்கும் மரச்சட்டங்களும் சேர்ந்தால் 500 இறாத்தலை நெருங்கிவிடும். அதற்குள் இன்னும் மெத்தை இல்லை, பற்றரி இல்லை, 37 இறாத்தல் நிறையும் முழு காஸ் சிலிண்டர் இல்லை, 44 இறாத்தல் நிறையும் இருபது லீற்றர் தண்ணீர்க் கலன் இல்லை, அரிசிப் பையும் ஐஸ் பெட்டியும் இல்லை. ட்ரெயிலரின் சொந்த எடையையும் கூட்டுங்கள்.

மறுபுறம் இழுக்கும் வாகனத்தின் எல்லையைப் பாருங்கள். நம்மவர் வீடுகளில் அதிகம் நிற்கும் சியன்னா வானின் இழுவை எல்லை 3,500 இறாத்தல். ஆனால் ராவ்-4, சீஆர்-வீ போன்றவற்றின் பல வகைகளுக்கு அது 1,500 இறாத்தல் அளவில்தான். கொரோல்லா, சிவிக் போன்ற சிறு கார்களை இழுவைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே வட அமெரிக்கக் கையேடுகள் சொல்கின்றன. ஆண்டுக்கும் வகைக்கும் ஏற்ப எண்கள் மாறுவதால் சொந்த வாகனத்தின் கையேட்டைத் திறந்து பார்ப்பதே சரி. பின்னிருக்கையில் மூவரும் டிக்கி நிறையச் சாமானும் இருந்தால் அந்த எல்லையும் குறையும் என்பதைக் கையேடே எழுதி வைத்திருக்கிறது. ட்ரெயிலரின் சட்டத்தில் ஒட்டியுள்ள தகட்டில் இன்னோர் எல்லை உண்டு. சிறிய ட்ரெயிலர்கள் பலவற்றின் அச்சு மொத்தமாக 2,000 இறாத்தலுக்கே செய்யப்பட்டது. இரண்டில் எது குறைவோ அதுதான் நமது எல்லை.

எடையைக் குறைக்க வழி இருக்கிறது. அதற்காகத்தானே கூரை மடங்கும் ட்ரெயிலர் என்ற யோசனையே வந்தது. பெட்டியின் சுவர் இரண்டடி, இரண்டரை அடிக்கு மேல் வேண்டியதில்லை. அதற்குக் கால் அங்குலப் பிளைவுட்டும் ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குல மரச்சட்டமும் பசையோடு சேர்ந்தால் போதும். தரைக்கு அரை அங்குலம். 1968இல் இந்தியானாவில் ஜெய்கோ நிறுவனத்தைத் தொடங்கிய லொயிட் பொன்ட்ரேகர், மடிப்பு ட்ரெயிலரின் கூரையை உயர்த்தும் பொறிமுறை ஒன்றை உருவாக்கியே தொழிலுக்கு வந்தார். தொழிற்சாலைக் கூரை பாரமானது என்பதால் அதற்குச் சுழற்று கைப்பிடியும் கம்பி வடமும் வேண்டியிருக்கின்றன. நமக்கு அவை தேவையில்லை. வீட்டுச் சுவருக்கு வெப்பக் காப்பாக அடிக்கும் இளஞ்சிவப்பு நிற ஃபோம் பலகை, இரண்டு அங்குலத் தடிப்பில் நான்கடிக்கு எட்டடி, ஏறக்குறைய 10 இறாத்தல்தான் இருக்கும். அதன் ஓரங்களுக்கு மெல்லிய மரச்சட்டம் ஒட்டி, மேற்பரப்பை உப்புத்தாளால் இலேசாக உரசி, தண்ணீர் கலந்த நீர்காக்கும் மரப்பசையைப் பூசி, பழைய பருத்திக் கன்வஸ் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, காய்ந்தபின் வெளிச்சுவர்ப் பெயின்ற் மூன்று நான்கு தடவை அடித்தால், மழை புகாத கூரை கிடைக்கும். இருவர் அதைச் சிரமமின்றித் தூக்குவார்கள். நான்கு மூலைகளிலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரக் குழாய்களை நிறுத்தி, ஒரு பக்கத்தை உயர்த்தி முளை செருகி, பின் மறுபக்கத்தையும் உயர்த்தி முளை செருகினால் வேலை முடிந்தது. எடை குறைந்ததும் பொறிமுறையும் எளிதாகிவிடுகிறது என்பதே இதில் எனக்குப் பிடித்த விடயம்.

இங்கே திருகாணி பற்றியும் சொல்ல வேண்டும். சுவர்ப் பலகை அடிக்கும் கறுப்புத் திருகாணிகள் நொறுங்கும் தன்மையுள்ளவை. தெருவின் அதிர்வில் தலை முறிந்துவிடும். பெட்டியை ட்ரெயிலரின் இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்களில், முழுவதும் ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் நைலோன் வளையமுள்ள பூட்டு நட்டும் வேண்டும்.

மொத்த எடை அடங்கினாலும் அது அமரும் இடம் தவறினால் ஆபத்துத்தான். ட்ரெயிலரின் நாக்கு, அதாவது முன்னுக்கு நீளும் இணைப்புத் தண்டு, வாகனத்தின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் அழுத்தும் எடை, ஏற்றிய மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை இருக்க வேண்டும். 900 இறாத்தல் ட்ரெயிலருக்கு 90 முதல் 135 வரை. இதை வீட்டுக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தராசின்மேல் ஒரு மரத்துண்டை நிமிர்த்தி, ஹிட்ச் பந்து நிற்கும் அதே உயரத்தில் நாக்கை அதன்மேல் இறக்கினால் தராசு காட்டும் எண்ணே விடை. ஹிட்சுக்கும் தனி எல்லை உண்டு என்பதால் அந்த எண் அதையும் தாண்டக் கூடாது. மொத்த எடையை அறிய, பாரவூர்திகள் நிற்கும் இடங்களில் உள்ள கட்டண எடைமேடைக்குப் போனால் போதும்.

நம்மவர்கள் கட்டியவற்றில் நான் பார்த்த பொதுவான குறை, சமையலறையைப் பின்கதவில் வைப்பது. நின்று சமைக்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் காஸ் சிலிண்டரும் ஐஸ் பெட்டியும் தண்ணீரும் அச்சுக்குப் பின்னால் போய்விடுகின்றன. போதாததற்குப் பிள்ளைகளின் சைக்கிள்களையும் அங்கேயே மாட்டுகிறார்கள். நாக்கின் எடை குறைந்து, வேகம் கூடும்போது ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒரு பாரவூர்தி கடந்து போகும் காற்றே அதற்குப் போதும். அவ்வேளையில் கால் தானாகவே பிரேக்கைத் தேடும், ஆனால் வாகனத்தின் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் மோசமாகும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி முடுக்கியிலிருந்து காலை எடுத்து, வேகத்தைத் தானாகக் குறைய விட வேண்டும். பின்னர் தெருவோரம் நிறுத்திப் பாரங்களை முன்னுக்கு மாற்றாமல் புறப்படக் கூடாது. பற்றரியும் தண்ணீரும் சமையற் பெட்டியும் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு முதலிலேயே திட்டமிட்டால் இந்த நிலை வராது.

ஒன்ராறியோச் சட்டம் கேட்பவை கடினமானவை அல்ல. ஏற்றிய எடை 1,360 கிலோகிராமை எட்டினால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். பல வாகனக் கையேடுகள் அதைவிடக் குறைந்த எடைக்கே பிரேக் கேட்கின்றன, அதையே பின்பற்றுங்கள். ஹிட்ச் தவிர இரண்டாவது இணைப்பும் வேண்டும் என்பதால் பாதுகாப்புச் சங்கிலிகளை நாக்கின் அடியில் குறுக்காகக் கொழுவ வேண்டும். நாக்கு கழன்றாலும் சங்கிலி அதைத் தாங்கித் தெருவில் குத்தவிடாது. ஓடும்போது ட்ரெயிலருக்குள் எவரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பாவித்த ட்ரெயிலர் வாங்குவோர் அதன் உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் உள்ளதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். காப்புறுதி முகவரிடம் பெட்டி கட்டிய விடயத்தைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குவதும் நல்லது.

சிறிய ட்ரெயிலர்களில் உள்ள எட்டு அங்குலச் சில்லுகள் நெடுஞ்சாலை வேகத்தில் மிக விரைவாகச் சுழல்வதால் பேரிங் சூடாகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிக் கிறீஸ் இட வேண்டும். நமது மாரிகால உப்பு மின்கம்பிகளின் தரை இணைப்பை அரித்துவிடும். பின்விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றுமுன் அதைப் பாருங்கள்.

நிறுத்தியபின் கவனிக்க வேண்டியவை இரண்டு. வாகனத்திலிருந்து கழற்றிய ட்ரெயிலரின் பின்பக்கம் ஒருவர் ஏறினால் அது அப்படியே பின்னால் சாயும். நான்கு மூலைகளுக்கும் தாங்குகால் இறக்காமல் முதியவர்களை ஏற்றவே கூடாது. அடுத்தது, குளிருக்காகக் காஸ் அடுப்பையோ கரியையோ உள்ளே எரிப்பது உயிரைப் பறிக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. கன்வஸ் துணிதானே, காற்று வரும் என்று நம்புவது பிழை. பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் வையுங்கள். மேலதிகக் கம்பளியும் கொண்டு போங்கள்.

பூங்கா முன்பதிவுகள் ஐந்து மாதங்களுக்கு முன்பே திறப்பதால், யூலை மாதப் பயணத்துக்கு இடம் பிடிப்பவர்கள் மாசியிலேயே ட்ரெயிலர் வேலையையும் யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த வேளையில் தாங்கள் ஒரு பக்கம் ஒதுக்கி, இப்படிக் கட்டிய வாசகர்களிடமிருந்து படங்களோடு மூன்று எண்களையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்: ஏற்றிய மொத்த எடை, நாக்கின் எடை, இழுக்கும் வாகனத்தின் எல்லை. ஃபோம் கூரையின் வரைபடத்தை அளவுகளோடு தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன்.

நன்றி.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மார்க்கம், ஒன்ராறியோ