உயர்த்திய பிக்கப் உதறினால் முதலில் கோணத்தை அளக்கவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைத்தோட்டப் பாதைக்காகவோ தோற்றத்துக்காகவோ ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்களை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. தூக்கியபின் வண்டி உதறத் தொடங்கினால் பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் வீல் பேலன்சிங், பிறகு கிராஸ் (ஷாஃப்ட் சாய்ந்து சுற்ற உதவும் மூட்டு), அப்புறம் சென்டர் பேரிங் (இரு துண்டு ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது), கடைசியில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முழு புரொப்பல்லர் ஷாஃப்ட். பில் ஏறிக்கொண்டே போகும், உதறல் போகாது. 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும் காந்த அடி டிஜிட்டல் கோணமானியை ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் இதில் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

சேசிஸை உயர்த்தும்போது கியர்பாக்ஸும் சென்டர் பேரிங்கும் கூடவே மேலே போகின்றன. பின் ஆக்சில் மட்டும் தரையோடு இருக்கிறது. சென்டர் பேரிங்குக்குப் பின்னால் உள்ள துண்டு, அதாவது பின் ஷாஃப்ட், 1 மீட்டர் நீளம் என்றால், 50 மி.மீ. உயர்வு அதன் சாய்வை ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிவிடும். கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்து சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 6.5 டிகிரியில் அது 0.64 சதவீதம். அதாவது கோணம் இருமடங்கானால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மறுமுனை ஜாயிண்ட் அதே கோணத்தில், யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் இருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அப்போதும் வேகம் கூடிக் குறைந்துதான் சுற்றும், சென்டர் பேரிங் ரப்பரும் அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றித் திறக்குமுன் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உதறும் வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். அதே கி.மீ. வேகத்தில் உதறல் அப்படியே இருந்தால் எஞ்சினும் கிளட்சும் காரணமல்ல. பிறகு நியூட்ரலில் உருளவிடுங்கள். அப்போதும் இருந்தால் டயர், ஷாஃப்ட் இரண்டில் ஒன்று. அந்த இரண்டையும் பிரிக்கக் கணக்கு உதவும். 265/60 ஆர்18 டயர் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 9 முறை சுற்றும். பின்கூட்டின் (டிஃபரன்ஷியல்) பல்விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் 37 முறை சுற்றும். டயர் கோளாறு ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் மெதுவான ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட்டின் பேலன்ஸ் போயிருந்தால் 37 ஹெர்ட்ஸ். கோணக் கோளாறு என்றால் அதன் இரட்டிப்பு, 75 ஹெர்ட்ஸ். அது ஆட்டமாக இராது, தரையிலும் கியர் லீவரிலும் ஒரு உறுமலாக வரும். கைபேசிச் செயலியில் அதிர்வெண் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: நொடிக்கு 100 முறை மட்டுமே அளக்கும் செயலி இந்த 75-ஐ 25 என்று காட்டிக் குழப்பிவிடும்.

நிற்கும் நிலையிலிருந்து கிளம்பி 40 கி.மீ. எட்டுவதற்குள் குலுங்கி, பிறகு அடங்கிவிடுகிறதா? இரட்டை ஷாஃப்ட் உள்ள வண்டியில் சென்டர் பேரிங் பக்கத்துக் கோணமே முதல் சந்தேகம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் உதறினால், ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொண்டு பின்னியன் மூக்கு (பின்கூட்டில் ஷாஃப்ட் சேரும் முனை) மேலே தூக்குகிறது என்று பொருள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே பிளாக் வைத்து உயர்த்திய வண்டிகளில் இது அதிகம். காலை எடுத்ததும் உறுமினால் பின்னியன் பேரிங்கின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

கோணமானியை எடுக்குமுன் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு, ஷாஃப்ட் குழாயில் நெளிவு, வெல்டு செய்த பேலன்ஸ் எடை விழுந்த தடம், சென்டர் பேரிங் ரப்பரில் கிழிசல். ஷாஃப்ட்டை ஏற்கெனவே யாராவது கழற்றியிருந்தால் ஸ்பிளைனில் (துண்டுகள் சேரும் பல்வெட்டில்) ஒரு பல் மாறிப் பூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. யோக்குகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லையென்றால் மற்ற வேலையெல்லாம் வீண். கழற்றுமுன் பெயிண்ட்டால் குறி போடாத பட்டறையில் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

அளக்கும்போது வண்டி சமதரையில் நாலு டயர்மேல் நிற்க வேண்டும். சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. கியர்பாக்ஸின் பின்முனை ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டைப் பூட்டும் தட்டு), சென்டர் பேரிங்குக்கு முன்னுள்ள முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பின்னியன் ஃபிளாஞ்ச் என்று நான்கு இடங்களில் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே திசைச் சாய்வுகளைக் கழித்தால் ஜாயிண்ட் வேலைசெய்யும் கோணம் கிடைக்கும். பின் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணங்களின் வித்தியாசம் 1 டிகிரிக்குள்ளும், முடிந்தால் ஒவ்வொன்றும் 3 டிகிரிக்கு மேல் போகாமலும் இருப்பது நல்லது. முற்றிலும் பூஜ்ஜியமும் ஆகாது. கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழுந்துவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கியர்பாக்ஸ் 3.5, முன் ஷாஃப்ட் 4, பின் ஷாஃப்ட் 10.5, பின்னியன் 4 டிகிரி. எல்லாம் பின்நோக்கி இறங்கும் சாய்வு. ஜாயிண்டுகள் முறையே 0.5, 6.5, 6.5. சமமாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் வண்டி உதறும். முன் ஷாஃப்ட் 600 மி.மீ., பின் ஷாஃப்ட் 1,000 மி.மீ. என்றால், சென்டர் பேரிங்கை 12 மி.மீ. ஸ்பேசர் கொடுத்து இறக்கினால் முன் ஷாஃப்ட் 5.1, பின் ஷாஃப்ட் 9.8 ஆகும். ஜாயிண்டுகள் 1.6, 4.7, 5.8. கடைசி இரண்டுக்கும் இடையே 1 டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கிறதே என்று உடனே ஆப்பு ஷிம் (ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் சரிவான தகடு) வைக்க வேண்டாம். இழுவையில் பட்டை முறுக்கிப் பின்னியன் மூக்கு 1 டிகிரி போல உயரும், அப்போது இரண்டும் தானே சமமாகிவிடும். ஸ்பேசர் 25 மி.மீ. தந்தால் முன் ஜாயிண்டே 3 டிகிரியைத் தொட்டுக் கிளம்பும்போது குலுக்கும். கூடுதலாக இறக்குவதெல்லாம் கூடுதல் நன்மை என்று நினைப்பது தவறு.

ஷிம் தேவைப்படும் வண்டியில் திசை முக்கியம். பட்டை ஆக்சிலுக்கு மேலே அமர்ந்திருக்கும் இந்த அமைப்பில், மூக்கை உயர்த்த வேண்டுமென்றால் ஷிம்மின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். தலைகீழாக வைத்து, கோளாறை இருமடங்காக்கி அனுப்பிய வண்டிகள் ஏராளம்.

முன்பக்கம் சுருக்கமாக. தனி சஸ்பென்ஷன் என்பதால் முன்கூடு சேசிஸோடு சேர்ந்தே உயர்கிறது. ஆகவே முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறுவதில்லை, முன்கூட்டைத் தாழ்த்தும் டிஃப் டிராப் ஸ்பேசர் போட்டிருந்தால் தவிர. மாறுவது சக்கரத்துக்குப் போகும் சி.வி. ஆக்சில்களின் கோணம். அதன் ரப்பர் பூட் கிழிவதும், ஃபோர்-ஹையில் (நான்கு சக்கர இயக்கத்தில்) இழுக்கும்போது மட்டும் வரும் குலுக்கலும் அங்கிருந்து வருபவை. சந்தேகம் தீராவிட்டால் முன்கூட்டுக்குப் போகும் இந்த முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறி போட்டுக் கழற்றிவிட்டு டூ-ஹையில் (இரு சக்கர இயக்கத்தில்) ஓட்டிப் பாருங்கள். உதறல் இருந்தால் பழி பின்பக்கத்துக்கு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 37 ஹெர்ட்ஸ் அதிர்வு விடவில்லை என்றால்தான் ஷாஃப்ட்டை லாரி பட்டறைகளில் உள்ள டைனமிக் பேலன்சிங் இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு துண்டுகளையும் சென்டர் பேரிங்கோடு பூட்டியே கொடுங்கள்.

வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியதையும் உயர்த்த நினைப்பவர்கள் முதலில் படித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உயர்த்திவிட்டவர்களுக்கும், கிட் பூட்டும் கடைகளுக்கும் எங்கள் கோரிக்கை இதுதான்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கு சாய்வுகளையும் பில்லிலேயே எழுதுங்கள். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கும் யு-போல்ட்டுகளை 500 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரென்ச்சால் இறுக்குவதையும் அதே பில்லில் குறிப்பிட்டுத் தேதி போடுங்கள்.

நான்கு சக்கர இயக்க வாகனப் பழுதுநீக்குநர்கள்,
கோயம்புத்தூர்